கோலும் கூலியும்: அல்குவாசில் என்ற பதவி

ஸ்பெயினின் நிர்வாக வரலாற்றில் அல்குவாசில் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அரபு ஆட்சியில் கலீஃபாவுக்கு அடுத்த நிலையில் இருந்த ‘அல்-வசீர்’, கிறிஸ்தவ அரசர்களின் காலத்தில் ‘அல்குவாசில்’ ஆனார். நூற்றாண்டுக்கு ஒரு படியாக இறங்கி நகரக் காவல் தலைவரானார், பிறகு கைது செய்யும் சேவகரானார், கடைசியில் நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடுபவராக முடிந்தார். முகலாய வரலாறு படித்த நமக்கு வசீர் என்ற சொல்லின் கனம் தெரியும் என்பதால் இந்த வீழ்ச்சிக் கதை எளிதில் பிடித்துப்போகும். தொடக்கம், சரிவு, முடிவு என்று நல்ல கட்டுக்கோப்பும் அதற்கு இருக்கிறது. ஆனால் சான்றுகளுக்கு முன் அது நிற்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, கேட்க வேண்டிய கேள்வியை அது மறைத்துவிடுவது. பட்டம் ஏறியதா இறங்கியதா என்பதைக் காட்டிலும், பதவி சரியாக அமைக்கப்பட்டதா என்பதே முக்கியம்.

கதையின் பிழை அதன் தொடக்கப் புள்ளியிலேயே இருக்கிறது. பாக்தாதின் அப்பாசிய வசீரை மனத்தில் வைத்துக்கொண்டு கொர்தோபாவைப் பார்ப்பதால் வரும் பிழை அது. கொர்தோபாவில் ஆண்ட உமையாக்கள் ஒரே காலத்தில் பல வசீர்களை வைத்திருந்தார்கள். கணக்கு, எல்லை, முறையீடு என்று துறை பிரித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மேலே நின்று அரசரோடு நேரில் பேசும் உரிமை பெற்றவர் ‘ஹாஜிப்’. இந்த வேறுபாட்டை வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூன் தம் ‘முகத்திமா’வில் தெளிவாகவே எடுத்துக்காட்டியிருக்கிறார். 1031இல் கலீஃபா ஆட்சி சிதறிச் சிற்றரசுகள் முளைத்தபோது ஒவ்வொரு அரசவையும் வசீர் பட்டத்தைத் தாராளமாக வழங்கியது. இரட்டை வசீர் எனப் பொருள்படும் இன்னொரு பட்டம் மேலும் கனம் சேர்க்கத் தேவைப்பட்டது. கவிஞர் இப்ன் ஸைதூன் அப்படி அழைக்கப்பட்டவர். ஆக, கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கிய காலத்திலேயே அது அமைச்சர் முதல் அரசவைக் கவிஞர் வரை பலரைக் குறித்த பட்டமாகப் பரந்திருந்தது. உச்சியிலிருந்து விழுந்தது என்று சொல்ல, முதலில் அது உச்சியில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த பிழை கால வரிசையில் இருக்கிறது. 1064இல் லியோனின் முதலாம் பெர்னாந்தோ கொய்ம்ப்ராவைக் கைப்பற்றி, அதை சிஸ்னாந்தோ தவீதிஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். அரபுச் சூழலில் வளர்ந்த கிறிஸ்தவர் அவர். செவில் அரசவையில் பணிபுரிந்தவர். கொய்ம்ப்ராவின் ஆவணங்களில் அவர் ‘அல்வசீர்’ என்ற பட்டத்தோடு வருகிறார். பொருள், ஒரு பிரதேசத்தின் ஆளுநர். அதே மண்ணில், அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் ‘அல்வசில்’ என்றால் போர்த்துக்கீசிய நகரசபையின் நீதிபதி. காஸ்தீலில் அதே சொல் கைது செய்யும் அதிகாரியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டிலோ, கிரனாதா நாட்டில் மொரிஸ்கோக்களின், அதாவது கிறிஸ்தவராக மாற்றப்பட்ட முஸ்லிம்களின், கிராமங்களில் அல்குவாசில் என்றால் ஊரின் தலைமகன், வரி வசூலுக்கும் அரசோடு பேச்சுக்கும் பொறுப்பானவர். அதே நூற்றாண்டில், அதே அரசரின் கீழ், செவில் தெருவில் அல்குவாசில் என்றால் இரவு ரோந்து சுற்றும் ஆள். ஒரே காலத்தில் ஒரு சொல் வெவ்வேறு நிலைகளில் இருந்தால் அதைப் படிப்படியான இறக்கம் என்று எப்படிச் சொல்வது? இது இடத்துக்கு இடம் பிரிந்த கிளைகளின் வரலாறு.

இதைச் சொல்வதால் சொற்பிறப்பியலாளர்களின் உழைப்பு குறைந்துவிடாது. தோசியும் எங்கெல்மானும் 1869இல் வெளியிட்ட சொல்தொகுதி முதல், பெதெரிகோ கொர்ரியெந்தே 1999இல் வெளியிட்ட அரபுச்சொல் அகராதி வரை, ஒலி மாற்றங்களைத் தடம் பிடித்த அந்த மரபின் துல்லியம் வியக்கத்தக்கது. எல்லை மீறியவர்கள் அவர்களின் முடிவை எடுத்துச் சென்று பதவியின் வரலாறாக மாற்றிய பிறர். முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினான அல்-அந்தலூஸில் காவல் பணியைச் செய்தவர் வசீர் அல்லர், ‘ஸாஹிப் அஷ்-ஷுர்தா’. நகர நிர்வாகி ‘ஸாஹிப் அல்-மதீனா’. அந்தப் பெயர்தான் சரகோசாவில் ‘சல்மெதீனா’ என்று தொடர்ந்தது. பெயர் ஒரு வழியாகவும் வேலை வேறு வழியாகவும் வந்து காஸ்தீலில் ஒன்றாய்ச் சேர்ந்தன. சொல்லின் வேரைத் தோண்டி வேலையின் வேரைக் கண்டதாக நினைப்பது முறையியல் தவறு.

வேலையின் வேரைக் காண, காஸ்தீல் அரசர் பத்தாம் அல்போன்சோவின் ‘சியெத்தே பார்த்தீதாஸ்’ என்ற சட்டத் தொகுப்புக்குத்தான் போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான அந்தத் தொகுப்பின் இரண்டாம் பகுதி, ஒன்பதாம் தலைப்பு, அரசவையின் அலுவலர்களைப் பற்றிப் பேசுகிறது. அதில் அல்குவாசிலுக்கு ஒரு வரையறை வருகிறது: அரசரோ அவருடைய நீதிபதிகளோ ஆணையிட, அரசவையில் ஆட்களைப் பிடிப்பவர், தண்டனையை நிறைவேற்றுபவர். அரபியில் அப்படிப்பட்டவரை அல்குவாசில் என்கிறார்கள், லத்தீன் மரபினர் ‘நீதி’ என்றே அழைக்கிறார்கள் என்று ஒரு விளக்கமும் சேர்க்கிறது. அரபு பற்றிய அந்த விளக்கம் அரபு மொழியின் பொதுவழக்கோடு பொருந்தாது. தம் காலத்துக் காஸ்தீல் நடைமுறையை அரபுக்கு ஏற்றிச் சொல்லும் போக்கே அதில் தெரிகிறது. வரையறையின் தரம் அதனால் கெடவில்லை. சட்ட வரைவாக அது முதல்தரமானது.

அதன் சிறப்பு ‘ஆணைப்படி’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. தீர்ப்பு சொல்கிறவர் கை வைக்கக் கூடாது, கை வைக்கிறவர் தீர்ப்பு சொல்லக் கூடாது. இவர்கள் இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால், பிடிபட்டவனுக்கு முறையிட ஓர் இடம் மிஞ்சும். நம் ஊர் நீதிமன்ற அமீனா கதவைத் தட்டும்போது கையில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு இடம் வைத்த அமைப்பு இது. 1567இல் வெளியான சட்டத் திரட்டான ‘நுவேவா ரெகொபிலாசியோன்’ இதே கொள்கையை இன்னும் இறுக்கியது. குற்றம் செய்யும்போதே கையும் களவுமாகப் பிடிபட்டாலொழிய, நீதிபதியின் உத்தரவின்றி அல்குவாசில் யாரையும் சிறைபிடிக்கக் கூடாது. உத்தரவின் வெளி அடையாளமாக அவர் கையில் ஒரு கோல் இருந்தது. ஸ்பானியர் அதை ‘வாரா’ என்றனர். அது ஆயுதம் என்பதைவிட அடையாளச் சின்னம். அதை மதிக்காதவர் அந்த ஆளை மட்டுமின்றி அரசரின் நீதியையே மதிக்காதவராகக் கருதப்பட்டார். சீருடையும் அடையாள அட்டையும் இல்லாத காலத்தில், இவர் அரசின் ஆள் என்று தெருவில் நிற்கும் எவருக்கும் கண்ணால் காட்டிய ஏற்பாடு அது. இப்படிப்பட்ட தெளிவு அக்கால ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்ததில்லை.

இவ்வளவு நுணுக்கமாக வரைந்த மரபு, ஒன்றை மட்டும் பலவீனமாக விட்டது. அல்குவாசில் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. அவர் எதைக் கொண்டு வாழ்வார் என்பதில் அதே கவனத்தைச் செலுத்தவில்லை. அந்த இடைவெளியைக் கட்டணங்கள் நிரப்பின. கடனுக்காகச் சொத்தை ஜப்தி செய்தால், பல ஊர்களில் கடன்தொகையின் பத்தில் ஒரு பங்கு அல்குவாசிலுக்கு. அதன் பெயரே ‘தெசிமா’. சிறையில் அடைத்தால் சிறைக்கட்டணம். இரவு மணி அடித்த பிறகு ஆயுதத்தோடு நடமாடினால் ஆயுதம் பறிமுதல், அதுவும் பிடித்தவருக்கு. சூதாட்ட அபராதத்தில் பங்கு. இவை எல்லாம் சட்டம் அனுமதித்த வருமானங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். லஞ்சம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். அமைதியான ஊரில் அல்குவாசில் பட்டினி கிடப்பார். கடன்காரன் தவணையில் கட்டிவிட்டால் அவருக்கு நட்டம். ஆயுதம் இல்லாமல் மக்கள் நடமாடினால் நட்டம். உத்தரவுக்குக் காத்திருந்தால் நட்டம். நிபந்தனையைச் சட்டம் ஒரு கையால் கொடுத்து, அதை மீறுவதற்கான காரணத்தை மறு கையால் கொடுத்தது. அல்குவாசில்களுக்குக் கீழே ‘கொர்ச்செத்தே’ எனப்பட்ட ஏவலாட்கள் இருந்தார்கள். கொக்கி என்று பொருள்படும் இந்தப் பட்டப்பெயரை மக்களே வைத்தார்கள். அவர்கள் அல்குவாசிலின் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள். கீழே போகப் போகப் பசி கூடிய அமைப்பு அது.

மேல் நிலையில் வேறு விதமான கேடு நடந்தது. செவில், தொலேதோ, கொர்தோபா போன்ற நகரங்களில் ‘அல்குவாசில் மயோர்’ எனப்பட்ட தலைமை அல்குவாசில் பெரிய மனிதர். செவிலில் நகரப் படையை வழிநடத்தும் மதிப்பு அவருக்கு உண்டு. உயர்குடியினர் அந்தப் பதவியைத் தலைமுறையாக வைத்திருந்தார்கள். தெருவில் இறங்கி வேலை செய்தவர்கள் அவர்களுடைய பதிலாட்கள். பிறகு அரசின் கருவூலம் வற்றியபோது பதவியே விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் எழுத்தர் பதவிகள் முதலில் விற்கப்பட்டன. 1591 முதல் தலைமை அல்குவாசில் பதவியும் ஏலத்துக்கு வந்தது. 1606இல் வந்த ஆணை, வாங்கியவர் அதை வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் வழி செய்தது. முதல் கைமாற்றத்தில் மதிப்பில் பாதியும் அடுத்தடுத்த கைமாற்றங்களில் மூன்றில் ஒரு பங்கும் அரசருக்கு.

விற்பனைக்கு முன் நிலைமை வேறு. கொலம்பஸின் முதல் பயணத்தில் கப்பற்படையின் அல்குவாசிலாக வந்த தியேகோ தே அரானா, லா நவிதாத் கோட்டையில் 39 பேருக்குத் தலைவராக விடப்பட்டு அங்கேயே மடிந்தவர். மெக்சிகோ படையெடுப்பில் கோர்த்தேஸின் வலக்கையாக இருந்த கொன்சாலோ தே சாந்தோவாலும் தலைமை அல்குவாசிலே. அந்தத் தலைமுறைக்குப் பதவி நம்பிக்கையின் பேரில் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்குள் அது நகரசபையில் வாக்குரிமையோடு வாங்கக்கூடிய சொத்தாகிவிட்டது. போட்ட முதலை எடுக்க வேண்டியவர் கையில் கைது செய்யும் அதிகாரம் இருந்தது.

இந்த விற்பனை முறையைப் பற்றி பிரான்சிஸ்கோ தோமாஸ் இ வாலியெந்தே 1972இல் எழுதிய நூல் இத்துறையின் அளவுகோல். பதவி விற்பனையை ஒழுக்கக்கேடு என்று கண்டித்துவிட்டு நகராமல், அதை ஒரு சட்ட ஏற்பாடாக, படிப்படியாகப் பிரித்துக் காட்டியது அவருடைய சாதனை. எந்த ஆணை எதை அனுமதித்தது, யார் கையில் எந்த உரிமை போனது, அரசுக்கு எது திரும்பியது என்ற கேள்விகளை விடாமல் பிடித்துச் செல்லும் நூல் அது. ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றத் தலைவராக இருந்த அவரை 1996 பிப்ரவரியில், மாத்ரித் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில், அவருடைய அறையிலேயே பாஸ்க் பிரிவினைவாத ஏட்டா இயக்கத்தினர் சுட்டுக் கொன்றார்கள். சட்டத்தின் ஆட்சியை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்கு நேர்ந்த முடிவு அது என்பதை எண்ணாமல் அந்த நூலை மூட முடிவதில்லை. அவர் பார்வை கருவூலத்திலிருந்தும் ஆணைகளிலிருந்தும் கீழ்நோக்கிப் போகிறது. தெருவில் பிடிபட்டவன் பக்கமிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேறு சாட்சிகள் தேவை. அந்த இடத்தில்தான் வரலாற்றாசிரியர்கள் இலக்கியத்தை அழைக்கிறார்கள். அங்கேதான் பெரும்பாலோர் சாட்சிகளைத் தரம் பிரிக்கத் தவறுகிறார்கள்.

அதிகம் எடுத்தாளப்படுபவர் பகடி எழுத்தாளர் கெவேதோ. 1607ஐ ஒட்டி எழுதப்பட்டு, 1627இல் ‘கனவுகள்’ தொகுப்பில் அச்சான அவருடைய அல்குவாசில் பகடி புகழ்பெற்றது. பேய் பிடித்த ஓர் அல்குவாசிலுக்குப் பேயோட்டுகிறார்கள். பேய் வாய் திறந்து மறுப்புச் சொல்கிறது: இந்த ஆளைப் பேய் பிடிக்கவில்லை, என்னைத்தான் அல்குவாசில் பிடித்திருக்கிறான். இந்தத் தலைகீழாக்கம் ஸ்பானிய உரைநடையின் உச்சங்களில் ஒன்று. 1631இன் திருத்திய பதிப்பில் தலைப்பையே அந்தத் தலைகீழாக்கத்துக்கு ஏற்ப மாற்றினார். கலையாக இதில் குறை சொல்ல இடமில்லை. சாட்சியமாகப் பார்த்தால் நிலைமை வேறு. கெவேதோவின் நரகத்தில் தையல்காரரும் மருத்துவரும் எழுத்தரும் கவிஞரும் அதே வேகத்தில் வறுபடுகிறார்கள். அல்குவாசிலின் தீமை அவர் பிறவியில் இருக்கிறது. கட்டணப் பட்டியலில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு தொழிலைப் பொருத்தினாலும் நகைச்சுவை குறையாது. ஆகவே, அல்குவாசில் வெறுக்கப்பட்டார் என்பதற்கு இது சான்று. ஏன் வெறுக்கப்பட்டார் என்பதற்குச் சான்றாகாது. இரண்டையும் குழப்பியது கெவேதோவின் குற்றம் இல்லை, அவரை ஆவணமாக வாசித்தவர்களின் குற்றம்.

1554இல் வெளியான ‘லாசரில்யோ தே தோர்மெஸ்’ சிறிய நூல்தான். ஆனால் இந்த விஷயத்தில் கெவேதோவைவிட நியாயமானது. ஐந்தாம் பகுதியில் ஓர் அல்குவாசிலும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவனும் இரவில் ஊரறியச் சண்டை போடுகிறார்கள். மறுநாள் கோயிலில், சீட்டு போலி என்று அல்குவாசில் கத்துகிறான். உடனே வலிப்பு வந்ததுபோல் நுரை தள்ளி விழுகிறான். சீட்டைத் தலையில் வைத்ததும் எழுகிறான். ஊரே சீட்டு வாங்குகிறது. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம். அதிகாரத்தின் வாக்குக்கு இருந்த மதிப்பே அங்கே சரக்காக விற்கப்படுகிறது. அத்தோடு நூல் நிற்கவில்லை. பின்னால் லாசரோ ஓர் அல்குவாசிலிடம் வேலைக்குச் சேர்கிறான். கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த குற்றவாளிகள் ஒரு இரவில் கல்லும் தடியுமாக அவர்களைத் துரத்துகிறார்கள். எஜமான் அடிபடுகிறான், லாசரோ ஓடித் தப்பி, ஆபத்தான வேலை என்று விட்டுவிடுகிறான். கோயில் வாசலோடு அல்குவாசிலின் கோல் வலுவிழந்தது என்பதையும், அடியும் உதையும் அவருக்கும் விழுந்தன என்பதையும் பதிவு செய்த நூல்கள் அக்காலத்தில் குறைவு. மோசடிக்காரனாகவும் பலியாளாகவும் ஒரே பதவியைக் காட்டிய நேர்மை இதில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் காரணத்தைத் தேடும் பொறுமைதான் அதற்கு இல்லை.

அந்தப் பொறுமை செர்வாந்தஸிடம் இருந்தது. 1597இல் செவில் அரசச் சிறையில் கிடந்தவர் அவர். 1613இல் வெளியிட்ட ‘முன்மாதிரிக் கதைகள்’ நூலில் ‘நாய்களின் உரையாடல்’ என்ற கதையில் பெர்கான்சா என்ற நாய் செவிலில் ஓர் அல்குவாசிலிடம் இருந்த நாட்களைச் சொல்கிறது. அல்குவாசிலும் அவருடைய நண்பரான எழுத்தரும் இரண்டு பெண்களை வைத்திருக்கிறார்கள். பெண்கள் வெளிநாட்டு வணிகர்களை அறைக்கு அழைப்பார்கள். குறித்த நேரத்தில் இருவரும் கதவைத் தட்டி உள்ளே நுழைவார்கள். மானத்துக்கு அஞ்சியவன் பணம் கொடுத்துத் தப்புவான். ஒரு நாள் பிரெத்தோன் நாட்டான் ஒருவன் சிக்குகிறான். அவனுடைய காற்சட்டையில் இருந்த பன்றி இறைச்சியின் வாசத்துக்கு நாய் அதைத் தெருவுக்கு இழுத்துப்போய்விடுகிறது. பணமும் அதில்தான் இருந்தது. கொடுக்கப் பணமில்லை, விட மனமில்லை, கூச்சல் பெருகுகிறது, உதவி நீதிபதி வந்துவிடுகிறார். வழக்கு முறைப்படி நடக்கிறது. முடிவில் பிரெத்தோன்காரன் தன் ஐம்பது பொற்காசையும் இழந்து, செலவுத்தொகையாக மேலும் பத்தும் கட்டுகிறான். விடுதிக்காரியும் அதே அளவு கட்டுகிறாள். கண்ணியாக இருந்த பெண் சுதந்திரமாக வெளியே நடந்துபோகிறாள்.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். செர்வாந்தஸ் இங்கே யாரையும் திட்டவில்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிவைக்கிறார். சதி குலைந்து, நேர்மையான மேலதிகாரி வந்து, சட்டம் தன் வழியில் நடந்த பிறகும், பணம் போன திசை மாறவில்லை. சதி நடந்திருந்தால் என்ன இழந்திருப்பானோ, நீதி நடந்ததால் அதைவிடக் கூடுதலாகப் பத்து இழந்தான் அந்த வெளிநாட்டான். கட்டணத்தை நம்பி ஓடும் நீதியமைப்பில் கெட்ட அதிகாரிக்கும் நல்ல அதிகாரிக்கும் இடையிலான வேறுபாடு பிடிபட்டவனுக்குத் தெரிவதில்லை என்ற உண்மையை, அக்காலச் சட்டநூல் எதுவும் இவ்வளவு கச்சிதமாகச் சொன்னதில்லை.

அதே கதையில் அல்குவாசில் ஹெரேஸ் வாசலருகே ஆறு ரவுடிகளைத் தனியாக வாள் வீசி விரட்டுகிறார், அவர்கள் விட்டுச்சென்ற வாளுறைகளை மேலதிகாரியிடம் காட்டிப் பேர் வாங்குகிறார். இரவில் அதே ஆட்களோடு திருடர்களின் தலைவன் மோனிபோதியோ வீட்டில் விருந்து சாப்பிடுகிறார். இன்னொரு கதையான ‘ரின்கோனெத்தேயும் கோர்த்தாதில்யோவும்’ இதே மோனிபோதியோவின் வீட்டைக் காட்டுகிறது. அங்கே அல்குவாசில் வாசலுக்கு வரும்போது யாரும் பதறுவதில்லை. அவருடைய உறவினரின் பணப்பை தொலைந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்தால் போதும். குற்றமும் காவலும் ஒரே சந்தையின் இரு கடைகளாக இருந்ததை இரண்டு கோணங்களில் காட்டும் ஒருங்கிணைவு இது.

நாய் அந்த வேலையை விட்ட விதம் செர்வாந்தஸின் கூர்மைக்கு இறுதிச் சான்று. ஒரு இரவு ரோந்தில் நகரத் தலைவரான ‘அசிஸ்தென்தே’ நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து, திருடன் மேல் பாய் என்று ஏவுகிறார். அது நேரே தன் எஜமானான அல்குவாசில் மேல் பாய்ந்து அவரைக் கீழே தள்ளுகிறது. ஆணையை ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றியதாகச் சொல்லிக்கொள்கிறது. பார்த்தீதாஸ் அல்குவாசிலிடம் எதிர்பார்த்தது இந்தக் கீழ்ப்படிதலைத்தான். அதை நிறைவேற்றிய ஒரே பாத்திரம் நாய். இங்கே மட்டும் செர்வாந்தஸ் ஒரு அடி அதிகமாகப் போய்விட்டார் என்று எனக்குத் தோன்றும். அதுவரை அமைப்பின் கணக்கைக் காட்டி வந்தவர், இந்த இடத்தில் ஒரு மனிதனின் கயமையைத் தண்டித்துக் கதையை முடித்துக்கொள்கிறார். வாசகனுக்கு ஆறுதல் கிடைக்கிறது. கட்டணப் பட்டியல் சுவரில் அப்படியே தொங்குகிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது அநீதி. ‘கத்தோலிக்க அரசர்கள்’ எனப்பட்ட அரச தம்பதியர் 1500இல் கொர்ரெஹிதோர் எனப்பட்ட நகர ஆளுநர்களுக்கு வகுத்த விதிகள் விரிவானவை. பதவிக்காலம் முடிந்ததும் கொர்ரெஹிதோரும் அவரோடு வந்த அல்குவாசில்களும் ஊரை விட்டுப் போகாமல் நின்று, மக்களின் புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘ரெசிதென்சியா’ என்ற இந்த விசாரணை, அதிகாரியை அவர் ஆண்ட மக்கள் முன்பே நிறுத்தியது. உலக நிர்வாக வரலாற்றில் மதிக்கத்தக்க கண்டுபிடிப்பு அது. ஆனால் அது நடந்து முடிந்த தவறைத் தேடியது. தவறை லாபமாக்கிய ஏற்பாட்டைத் தொடவில்லை. காஸ்தில்யோ தே போபாதில்யா 1597இல் எழுதிய பெருநூலும் இந்த வரம்புக்குள்ளேயே நிற்கிறது. கொர்ரெஹிதோராகப் பணியாற்றிய அனுபவம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு என்ற அறிவுரையே அங்கே மருந்து.

பிற்கால மாற்றங்களை விரைவாகக் கடக்கலாம், ஏனெனில் அவை பெரும்பாலும் வேலையைப் பிரித்துக் கொடுத்த கதை. மூன்றாம் கார்லோஸ் 1768இல் மாத்ரிதை 8 வட்டங்களாகவும் 64 பேட்டைகளாகவும் பிரித்துப் பேட்டைத் தலைவர்களை வைத்தார். 1812இன் காதிஸ் அரசியலமைப்பு நீதியையும் நிர்வாகத்தையும் பிரித்தது. 1824இல் நாட்டுக்கான பொதுக் காவல்துறை, 1844இல் சிவில் கார்டு. கிராமப்புறத்தில் கள்வரைப் பிடித்துவந்த சாந்தா எர்மாந்தாத் 1835இலேயே கலைக்கப்பட்டிருந்தது. ரோந்தும் துப்பும் புதிய படைகளுக்குப் போயின. நீதிமன்ற உத்தரவைச் செயல்படுத்துவதும் ஊராட்சியின் ஏவல் வேலையும் அல்குவாசிலிடம் மிஞ்சின. வீழ்ச்சிக் கதை சொல்பவர்கள் இதைத்தான் அடிமட்டம் என்கிறார்கள். என் கணிப்பில் இது பார்த்தீதாஸ் வரைந்த இடத்துக்கே பதவி திரும்பியது. ஆணையை நிறைவேற்றுபவர் என்ற வரையறைக்குப் புறம்பாகச் சேர்ந்த வேலைகள்தாம் உதிர்ந்தன.

இன்று ஸ்பெயினில் அல்குவாசிலைப் பார்க்க வேண்டுமானால் எல்லோரும் காளைப்போர் அரங்குக்குக் கைகாட்டுகிறார்கள். நான்காம் பெலிப்பே காலத்துக் கறுப்பு உடையில், இறகு சூடிய தொப்பியோடு குதிரையில் வரும் ‘அல்குவாசிலில்யோ’க்கள் மைதானத்தைச் சுற்றி வந்து, தலைவரிடமிருந்து காளைக் கொட்டிலின் சாவியைப் பெற்றுத் தருகிறார்கள். சடங்காக அது பழைய இலக்கணத்தைச் சரியாகவே காக்கிறது: ஆணை மேலிருந்து வருகிறது, இவர் கொண்டுசேர்க்கிறார். வரலாற்றுச் சான்றாக அதன் மதிப்பு அவ்வளவே. மேலும் பயனுள்ள சான்று, கவர்ச்சியற்ற ஒரு சட்டப் பிரிவில் இருக்கிறது. பாதுகாப்புப் படைகள் பற்றிய 1986ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், 51ஆம் பிரிவில், காவல் படை இல்லாத நகராட்சிகளில் அந்தப் பணியைச் செய்யக்கூடியவர்களாகக் காவலாளிகளோடு அல்குவாசில்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நகராட்சியின் சொத்தையும் பணிகளையும் காப்பது அவர்கள் வேலை. நீதிமன்றங்களிலோ பட்டமே மாறிவிட்டது. 2003இன் திருத்தத்துக்குப் பிறகு அந்த வேலையைச் செய்பவர்கள் நீதித்துறை உதவிப் பிரிவினர்.

என் தீர்ப்பு இது. அல்குவாசில் பதவியை வரைந்த சட்ட அறிவு உயர்ந்தது. அதற்குக் கூலி வகுத்த நிதி அறிவு மட்டமானது. பதவியின் பெயர் கெட்டதற்கு இரண்டாவதே காரணம். அந்தக் காரணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியவர் செர்வாந்தஸ் ஒருவரே. கெவேதோவை மேற்கோள் காட்டி ஓர் இனத்தையே அயோக்கியர் என்று முடிக்கும் வரலாறுகளும், வசீரிலிருந்து சேவகன் வரை என்று தலைப்பிட்டுச் சரிவை அளக்கும் வரலாறுகளும், ஒரே தவறை இரு விதமாகச் செய்கின்றன. சம்பளம் எங்கிருந்து வந்தது என்று அவை கேட்கவில்லை.

பெயரும் வேலையும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும் இடங்களில் ஒன்று இன்று போர்த்தோ ரீக்கோ. அங்கே நீதிமன்றத்தில் ஒழுங்கைக் காப்பதும், உத்தரவின்படி கைது செய்வதும், தீர்ப்பை நிறைவேற்றி ஜப்தி செய்த சொத்தை ஏலம் விடுவதும் அல்குவாசிலின் வேலை. அவர் நீதித்துறையின் ஊழியர், மாதச் சம்பளக்காரர். கடனில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு இல்லை.